பழைய கணினியும் பழுது பார்க்கும் கருவியும்

நேயர்களே, நோயாளியைப் பார்க்க வந்த வைத்தியர் வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டால் நாம் என்ன நினைப்போம்? வைத்தியருக்கே உடல்நலமில்லை போலும் என்று எண்ணி, அவரை அனுப்பிவிட்டு வேறொருவரை அழைப்போமா? அல்லது அவ்வீட்டினுள் நச்சுக்காற்று ஏதேனும் பரவியிருக்கின்றதோ என்று ஐயுறுவோமா? முதலாவது எண்ணம் எளிதில் எழுவது. இரண்டாவது எண்ணமோ சற்று நின்று நிதானித்தால் மாத்திரமே தோன்றும். பழைய கணினி ஒன்றைப் பற்றி இன்று நான் கூறவிருக்கும் செய்தி அந்த இரண்டாவது எண்ணத்தைச் சார்ந்தது.

கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கணினியில் நிரல்கள் இருப்பதுபோல, கணினியையே பேணுவதற்கென்றும் சில நிரல்கள் உண்டு. வன்தட்டைப் பரிசோதிப்பது ஒன்று. அதிற் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. வேண்டாத கோப்புகளைக் கூட்டித் தள்ளுவது இன்னொன்று. இவை இயங்குதளத்தோடு கூடவே வருவன. இவற்றைப் பராமரிப்புக் கருவிகள் என்று இங்கே குறிப்பிடுவேன். இத்தகைய கருவி ஒன்று திறந்தவுடனோ, பாதி வேலையிலோ தானாக மூடிக்கொள்வதைக் கடைகளிற் ‘கிறாஷ்’ என்பார்கள். ‘செயலிழப்பு’ என்பது நூல்வழக்கு. 1936ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் காரைதீவிற் பிறந்து, இதே புளியந்தீவிலுள்ள புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றவர். அவர் இன்றிருந்தால் இதனினும் செறிவான ஒரு சொல்லைத் தந்திருப்பார் என்பது என் எண்ணம். அது கிடைக்கும்வரை செயலிழப்பு என்றே சொல்லுவோம்.

மட்டக்களப்பு நகரின் பழைய பகுதியாகிய புளியந்தீவு, பெயர் கூறுவதுபோலவே, வாவி நீராற் சூழப்பட்ட ஒரு தீவு. 1628இற் போர்த்துக்கேயர் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இன்றும் அதன் கரையில் நிற்கின்றது. கோட்டைச் சுவரையே அரிக்கும் உப்பங்காற்று, மேசை மீதிருக்கும் கணினியை மாத்திரம் விட்டுவிடுமா? இத்தீவில் வாவியை நோக்கிய ஒரு வீட்டின் முன்னறையில் வாழ்ந்த கணினியே இப்பேச்சின் நாயகம்.

அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கூத்துக் கலையில் ஈடுபாடு மிக்கவர். படுவான்கரைக் கிராமங்களிலும் எழுவான்கரைக் கிராமங்களிலும் அண்ணாவிமாரிடமிருந்த வடமோடி, தென்மோடிக் கூத்துக் கொப்பிகளை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொன்றாகக் கணினியில் எழுத்தேற்றி வைத்தவர். பதினொரு கொப்பிகள் அவ்வாறு ஏறியிருந்தன. மூலக் கொப்பிகள் உரியவர்களிடம் திரும்பிச் சென்றுவிட்டன. அவற்றுட் சில பின்னர்க் கறையானுக்கு இரையாயின. ஆகவே அந்தக் கணினியின் வன்தட்டில் இருந்தது வெறும் எழுத்து அன்று. சில கூத்துகளுக்கு அதுவே எஞ்சிய ஒரே பிரதியாக இருந்தது. இதை அவர் என்னிடம் கூறியபோது, “வேறெங்கேனும் ஒரு படி எடுத்து வைத்திருக்கின்றீர்களா, ஐயா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

கணினி ஏறத்தாழப் பதினைந்து வயதானது. வின்டோஸ் 7 என்னும் இயங்குதளம். 320 கிகாபைற்று வன்தட்டு. அண்மைக்காலமாக அது மெதுவாக இயங்கியதால், கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் கருவியை அவர் திறந்திருக்கிறார். “தம்பி, திறந்த உடனே மூடிக்கொள்ளுது. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்யுது” என்றார். அயல்வீட்டு இளைஞர் ஒருவர் உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாக இட்டால் எல்லாம் சரியாகும். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். அதன்படி செய்திருந்தால் பதினொரு கூத்துகளில் எத்தனை எஞ்சியிருக்கும் என்று நினைக்கையில் இன்றும் மனம் நடுங்குகின்றது.

செயலிழப்பு என்பது யாது? நிரல் ஒன்று செய்யக்கூடாத ஒன்றைச் செய்ய முற்படுகையில், அல்லது செய்யவேண்டிய ஒன்றைச் செய்ய இயலாதுபோகையில், இயங்குதளம் தலையிட்டு அதனை நிறுத்திவிடுகின்றது. மற்ற நிரல்களைக் காப்பதற்காகச் செய்யப்படும் காரியம் அது. நிறுத்தியதோடு இயங்குதளம் அமைவதில்லை. நாளும் நேரமும் இட்டு, எந்த நிரல், எந்தக் காரணம் என்று ஒரு பதிவேட்டில் எழுதியும் வைக்கின்றது. அப்பதிவேட்டின் பெயர் ஈவென்ட் வியூவர். நிகழ்வுப் பதிவேடு என்று கூறலாம். வின்டோஸின் தேடற்பெட்டியில் அப்பெயரை இட்டால் திறக்கும். கணினி வைத்திருப்போரில் நூற்றுக்கு ஒருவரேனும் இதைத் திறந்து பார்த்திருப்பாரோ என்பது ஐயமே. கறுப்பும் சிவப்புமாக, எண்களும் ஆங்கிலக் குறிப்புகளுமாக நிறைந்திருப்பதைக் கண்டு அஞ்சி மூடிவிடுவோரே பலர். அஞ்ச வேண்டியதில்லை. செயலிழப்பு நேர்ந்த மணித்துளியை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்திற்குரிய வரிகளை மட்டும் பார்த்தாற் போதும்.

நிரல்களுக்கான பகுதியில் 1000 என்னும் எண்ணிட்ட பதிவு செயலிழப்பைக் குறிப்பது. அதனுள்ளே காரணக் குறியீடு ஒன்று இருக்கும். பெரும்பாலும் நாம் காண்பது, சி என்னும் ஆங்கில எழுத்தும், ஆறு பூச்சியங்களும், இறுதியில் 5 என்னும் இலக்கமும் கொண்டது. நிரலானது தனக்கு உரித்தல்லாத நினைவிடத்தைத் தீண்ட முற்பட்டது என்பது அதன் பொருள். நிரலில் உள்ள வழு, அதனோடு ஒட்டிக்கொண்ட வேறொரு நிரல், பழுதான நினைவகம் ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். ஆசிரியருடைய கணினியிலோ இறுதி இலக்கம் 5 அன்று, 6. ஓர் இலக்கந்தானே வேறுபாடு என்று கடந்து போய்விடக்கூடாது. 6 என்று முடியும் குறியீட்டின் பொருள் முற்றிலும் வேறானது: நிரலின் ஒரு பகுதி தேவைப்பட்டபோது, அதனை வன்தட்டிலிருந்து படித்து எடுக்க இயலவில்லை என்பதே அது. அருகிலேயே 1005 என்னும் எண்ணிட்ட பதிவும் இருந்தது. குறித்த கோப்பை அணுக முடியவில்லை என்று அது கூறிற்று. கணினியின் பொதுப் பகுதிப் பதிவேட்டைத் திறந்தபோது, ‘டிஸ்க்’ என்னும் பெயரோடு 7 என்னும் எண்ணிட்ட பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. தட்டிற் பழுதான பகுதி உண்டு என்பது அவற்றின் செய்தி. வைத்தியர் வாசலில் விழுந்ததன் காரணம் இப்போது புலனாயிற்று.

இவ்விடத்தில் வன்தட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அக்காலத்து வன்தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு. அதன் பரப்பு 512 பைற்று கொண்ட சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். 320 கிகாபைற்றுத் தட்டில் அத்தகைய கூறுகள் 62 கோடிக்கு மேல் உண்டு. அவற்றுட் சில பழுதானால் கணினி உடனே நின்றுவிடுவதில்லை. பழுதான கூற்றில் எந்தக் கோப்பு இருக்கின்றதோ அக்கோப்பைத் தொடும்போது மாத்திரமே தடை நேரும். ஆசிரியரின் கணினியில் நேர்ந்தது இதுதான். ஒழுங்குபடுத்தும் கருவியின் சொந்தக் கோப்பே பழுதான கூறுகளின்மேற் கிடந்தது. ஆதலால் அக்கருவி மாத்திரம் ஒவ்வொரு முறையும் விழுந்தது, மற்றவை நடந்தன. மற்றவை நடந்தமையே எல்லோரையும் ஏமாற்றியது.

தட்டுத் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் வழக்கம் ஒன்றும் உண்டு. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிறிஸ்டல்டிஸ்க் இன்போ போன்ற இலவச நிரல் ஒன்றைக் கொண்டு அக்குறிப்பைக் காணலாம். அதில் 5, 197, 199 என்னும் மூன்று வரிகளைப் பார்த்தாற் போதுமானது. 5ஆம் வரி, பழுதாகிக் கைவிடப்பட்டு மாற்றிடம் கொடுக்கப்பட்ட கூறுகளின் தொகை. 197ஆம் வரி, படிக்க முடியாது தத்தளித்துக்கொண்டிருக்கும் கூறுகளின் தொகை. 199ஆம் வரி கூடிக்கொண்டு போகுமாயின் தட்டின்மேற் பழி போடுமுன் அதனை இணைக்கும் கேபிளையும் அதன் முனைகளையும் பார்க்கவேண்டும். உப்பங்காற்று வீசும் ஊர்களில் முனைகள் பாசி பிடித்ததுபோற் கறுத்துப் போவது வழக்கம். கேபிளை மாற்றியவுடன் பிழைத்துக்கொண்ட கணினிகளை நான் கண்டிருக்கிறேன். ஆசிரியருடைய தட்டில் 199 அசையவில்லை. 197 ஏறியிருந்தது.

இனிச் செய்யத்தக்கது யாது? இங்கேதான் பலர் தவறுகின்றனர். நானும் ஒருமுறை தவறியவன். பல ஆண்டுகளுக்கு முன்பு, உறவினர் ஒருவருடைய கணினியில் இதே போன்ற அறிகுறிகளைக் கண்டு, தட்டின் ஒவ்வொரு கூற்றையும் படித்துப் பழுதானவற்றை ஒதுக்கிவைக்கும் நெடிய பரிசோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டேன். கருவி நல்ல கருவிதான். ஆனால் சாகுந் தறுவாயிலிருந்த தட்டை அது மீண்டும் மீண்டும் படிக்கச் செய்தது. விடிந்தபோது தட்டு ‘டிக், டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருந்தது. அதன்பின் அது விழிக்கவேயில்லை. அந்த வீட்டுத் திருமணப் படங்கள் அதனோடு போயின. அவர்கள் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதனாலேயே அது இன்றுவரை உறுத்துகின்றது.

ஆகையால் ஆசிரியருடைய கணினியை அக்கணமே நிறுத்தினோம். பழுதுபார்க்கும் கருவி எதையும் அதன்மேல் ஓட்டவில்லை. புதிய வன்தட்டு ஒன்றை வாங்கி, பழையதையும் புதியதையும் வேறொரு கணினியில் இணைத்து, யூஎஸ்பி கோலிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடக்கி, டிடிரெஸ்கியூ என்னும் இலவச நிரலாற் படியெடுத்தோம். இந்நிரலின் சிறப்பு யாதெனில், முதற் சுற்றில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளையெல்லாம் விரைந்து எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிச் செல்லும். நல்லவை கைக்கு வந்த பின்னரே அல்லாதவற்றோடு மல்லாடும். எதுவரை வந்தோம் என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், இடையில் நிறுத்தி மறுநாள் தொடரவும் இயலும். ஒரே ஓர் எச்சரிக்கை: எது பழையது, எது புதியது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால், வெறுமையான தட்டின் படி பழைய தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். நானும் ஆசிரியரும் தட்டுகளின் தொடரிலக்கங்களை உரத்து வாசித்து, இரண்டு முறை சரிபார்த்த பின்பே விசையை அழுத்தினோம்.

ஓர் இரவும் அடுத்த நாட் பகலும் சென்றன. சில கிலோபைற்றுகள் தவிர ஏனைய யாவும் வந்து சேர்ந்தன. புதிய தட்டைக் கணினியிற் பொருத்தி ஒழுங்குபடுத்தும் கருவியைத் திறந்தோம். மீண்டும் விழுந்தது! ஆசிரியரின் முகம் வாடிற்று. ஆயினும் இது எதிர்பார்க்கத்தக்கதே. பழைய தட்டிற் படிக்க முடியாத கூறுகளுக்கு நேராகப் புதிய தட்டில் வெற்றிடமே அமையும். கருவியின் கோப்பில் இப்போது ஓட்டை இருந்தது. குறியீடும் மாறியிருந்தது, இறுதி இலக்கம் 6 அன்று, 5. நோயின் பெயர் மாறியமையே நாம் சரியான வழியிற் செல்கின்றோம் என்பதற்குச் சான்றாயிற்று.

இப்போது பழுது பார்க்கலாம். ஏனெனில் தட்டு நலமுடையது. கைவசம் படியும் உண்டு. இயங்குதளத்தின் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் எஸ்எஃப்சி என்னும் கட்டளையை இட்டோம். அது பழுதைக் கண்டது. ஆனால் திருத்த இயலவில்லை என்று கூறிற்று. வின்டோஸ் 7இல் இயங்குதளக் கோப்புகளும் அவற்றின் சேமப் பிரதிகளும் பல வேளைகளில் ஒரே கோப்பிற்கு இட்ட இரு பெயர்களாகவே இருக்கும். ஒன்று பழுதானால் மற்றதும் பழுதாயிற்று என்க. சேமப் பிரதி என்று நம்பியது தன் நிழலேயாயின் அது எப்படி உதவும்? அதே பதிப்புக்குரிய நிறுவல் தட்டை, வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்கி, மேல்நிறுவல் செய்தோம். இம்முறையில் சொந்தக் கோப்புகளும் நிரல்களும் தத்தம் இடத்திலேயே இருக்க, இயங்குதளக் கோப்புகள் மாத்திரம் புதுப்பிக்கப்படும். அதன்பின் கருவி திறந்தது. தன் வேலையை முடித்தது.

எல்லாக் கணினிகளிலும் காரணம் வன்தட்டே என்று நேயர்கள் கொள்ளுதல் வேண்டாம். குறியீடு 5இல் முடிந்து, ஒரு கருவி மாத்திரமன்றி நாளுக்கொரு நிரலாக விழுமாயின் நினைவகத்தை ஐயுறுக. வின்டோஸ் 7இலேயே நினைவகத்தைச் சோதிக்கும் வசதி உண்டு. மின்சாரத்தைத் துண்டித்து, நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையாகத் துடைத்துத் திரும்பப் பொருத்தியதும் குணமான கணினிகள் பல. எப்போதும் ஒரே கருவியே விழுந்து, குறியீடும் 5 ஆயின், தொடக்கத்தில் எஃப் 8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையிற் கணினியைத் திறந்து பார்க்கலாம். அங்கே கருவி நலமாக ஓடினால், பின்னாளில் வந்து சேர்ந்த ஏதோ ஒரு நிரல் அதனோடு மோதுகின்றது. பழைய வைரஸ் தடுப்பு நிரல்கள் இதில் வல்லவை. கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள சிறு 3 வோல்ற்று மின்கலத்தை மாற்றுக. அது சில நூறு ரூபாய்ப் பண்டமே.

பழுதுக்கு மூலகாரணம் யாது என்று கேட்டால், வயது என்பதே முதல் விடை. ஆனாலும் நம்முடைய மின்சாரத்தையும் சொல்லாமல் விடமுடியாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை நீண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்ததற்குப் பாணந்துறைத் துணைமின்நிலையத்தினுட் புகுந்த ஒரு குரங்கே காரணமென அமைச்சர் கூறினார். குரங்கைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் தட்டு எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் கோப்புகளின் ஒழுங்கு குலையும் என்பதை அறிந்து, யூபிஎஸ் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மாரிகாலத்தில், வாவிக்காற்று நேரே படும் சன்னலருகிற் கணினியை வைப்பதும் கூடாது. ஆசிரியர் தம்முடையதை உள்ளறைக்கு மாற்றிவிட்டார். காட்சி போய்விட்டதே என்று சிறிது குறைப்பட்டுக்கொண்டார். வின்டோஸ் 7இற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டமையால், இணைய இணைப்பையும் கழற்றிவிட்டோம். எழுதுவதற்கு இணையம் வேண்டியதில்லை அன்றோ?

கூத்துகளைப் பற்றிச் சொல்லவில்லையே. பதினொன்றில் பத்து முழுமையாகக் கிடைத்தன. அவை பாமினி எழுத்துருவில் இருந்தமையால், அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே படியெடுத்தோம். அஃதில்லையேல் திரையில் தோன்றுவது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகவே இருக்கும். பின்னர் அனைத்தையும் யூனிக்கோட்டிற்கு மாற்றி, மூன்று இடங்களில் வைத்தோம். ஒன்று ஆசிரியரின் மகளிடம் கொழும்பில் இருக்கின்றது. பதினோராவது ஒரு தென்மோடிக் கூத்து. அதன் இறுதிப் பகுதி பழுதான கூறுகளோடு போய்விட்டது. மூலக் கொப்பியும் இல்லை.

படுவான்கரையிலுள்ள முதிய அண்ணாவியார் ஒருவருக்கு அக்கூத்து மனப்பாடம் என்று கேள்விப்பட்டு ஆசிரியர் அவரிடம் சென்றார். சொல்லச் சொன்னால் அவருக்கு வரவில்லை. மத்தளத்தை எடுத்து மடியில் வைத்ததும் வந்துவிட்டது. ஆனால் நடுவில் நிறுத்தினால் மறந்துபோகும். தொடக்கத்திலிருந்தே மறுபடியும் பாடவேண்டும். ஆசிரியர் கைத்தொலைபேசியில் முழுவதையும் ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்து, உள்ளறையில் அமர்ந்து இப்போது எழுத்தேற்றிக்கொண்டிருக்கிறார். அந்த ஒலிப்பதிவின் படி ஒன்றை எனக்கும் அனுப்பியிருக்கிறார்.